ஜப்பார் எழுதிய லென்ஸ்

ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் கரியை விசிறும்போதெல்லாம் எனக்குப் பழைய ரயில் ஞாபகம் வந்துவிடும். இது அடுப்புக்கரி, அது நிலக்கரி என்று என் மூக்குக்கு யார் சொல்வது? சட்டையை வாங்கப் போனவன் அங்கேயே நின்றுவிடுவேன்.

ஐம்பதுகளில் செங்கல்பட்டிலிருந்து அந்தக் கரிவண்டி ரயிலில்தான் ஜப்பாரும் நானும் வெளியூர்க் கல்லூரிக்கு இன்டர்மீடியட் படிக்கப் போனோம். மாமல்லபுரத்து மளிகைக்கடைக்காரர் மகன் அவன். செங்கல்பட்டில் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தான். கலங்கரை விளக்கின் வெளிச்சம் வீட்டுச் சுவரில் வந்து வந்து போவதைப் பார்த்தே வளர்ந்தவன். அதற்குள் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே பௌதிகம் எடுத்தான்.

எடுத்தானே தவிர, பாவம், வகுப்பில் ஒன்றும் புரியவில்லை. பள்ளிக்கூடம் வரை தமிழ். இங்கே எல்லாமே இங்கிலீஷ். புரிந்ததா என்று வாத்தியார் கேட்டால் எல்லோரும் "எஸ் சார்" என்போம். நான் நெட்டுருப் போட்டுத் தப்பித்தேன். அவன் முதல் பரீட்சையில் தோற்றான். அடுத்ததிலும் தோற்றால் பெயரை எடுத்துவிடுவோம் என்று நிபந்தனை போட்டு வைத்தார்கள். அவன் அத்தாவோ, "பெயிலானா கடையில வந்து குந்து" என்று சொல்லிவிட்டார்.

ரயிலில் நான் தமிழில் சொல்லிக்கொடுத்தேன். எதிர் சீட்டுப் பெரியவரின் மூக்குக்கண்ணாடியை இரவல் வாங்கி, வெயிலைக் காகிதத்தில் குவித்து, இதுதான் லென்ஸ் என்று காட்டினேன்.

"இம்மாந்தானா மச்சான்? இத்தத்தான் எங்கூரு லைட்டு பண்ணிகினு கீதா?" என்றான்.

பரீட்சையில் லென்ஸே வந்தது. சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். அப்படி அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு வாத்தியார் அவனைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். விடைத்தாள் முழுக்கத் தமிழ். முதல்முறையாகப் புரிந்த சந்தோஷத்தில், இங்கிலீஷில் எழுத வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருக்கிறது.

"எல்லாம் சரிதாம்பா. ஆனா இதுக்கு மார்க் போட விதியில்லையே" என்றார் வாத்தியார், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"நெனப்பே வர்ல சார்" என்றான் ஜப்பார். அதோடு அவன் படிப்பு முடிந்தது.

மாமல்லபுரம் போகும்போதெல்லாம் அவன் கடைக்குப் போவேன். கலங்கரை விளக்கு இருக்கும் பக்கம் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருப்பான்.

பல வருஷம் கழித்துக் கல்லூரியில் தமிழிலும் எழுதலாம் என்று வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவன் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப இன்னாத்துக்கு மச்சான்?" என்றான்.

கரிவண்டி போய்விட்டது. ஜப்பாரும் போய்விட்டான். அவன் கடை இருந்த இடத்தில் வேறு யாரோ கடை வைத்திருக்கிறார்கள். விளக்கு இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பற்றித் தமிழில் பேச எனக்குத்தான் ஆள் இல்லை.