மிளகாய்க்கு வாங்கிய விளக்கு

கலெர்வோ எனக்கு நேர் மேல் வீட்டுக்காரன். பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். வட துருவத்தை ஒட்டிய எங்கள் ஊர் இவாலோவைச் சுற்றியுள்ள சாலைகளில் அவன் வண்டி தள்ளாத பனி கிடையாது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பதில் ஊரில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் வாயில் கொழுக்கட்டை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

போன குளிர்காலம் அவன் மனைவி சிர்க்காவுக்குச் சரியாக இல்லை. சூரியன் எழாத வாரங்களில், வெளியே போகக் கோட்டை மாட்டிக்கொண்டு, போகாமல், கழற்றவும் செய்யாமல் சமையலறை மேஜையில் அப்படியே உட்கார்ந்திருப்பாள். எங்கள் ஊரில் பலருக்கு இது வரும். அதற்கென்றே வெள்ளை விளக்கு ஒன்று விற்கிறார்கள். காலையில் காபியோடு அதன் முன்னால் உட்கார வேண்டும். கலெர்வோ வாங்கிக் கொடுத்தான். "என்னை நோயாளியாக்கி விளக்கு முன்னாடி உக்கார வெக்கறியா?" என்று அவள் அதைப் பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிட்டாள்.

இந்த வருடம் தெற்கே துர்க்கு நகரத்தில் இருக்கும் அவள் அக்கா, இங்கே ஒரு அறை சும்மா கிடக்கிறது, வந்து மார்ச் வரைக்கும் இரு என்று கூப்பிட்டாள். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த மறுநாள் பேருந்து. சிர்க்கா நவம்பரிலேயே பெட்டியை எடுத்து வாசலருகே வைத்துவிட்டாள். போகாதே என்று கலெர்வோ சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னான்:

"பெட்டி நடைவழியில கெடக்கு. கால் இடறுது."

கல்லுளிமங்கன். அவன் பேசியதெல்லாம் மிளகாயைப் பற்றித்தான்.

எங்கள் ஊரில் மிளகாயை யாரும் தின்பதற்காக வளர்ப்பதில்லை. தின்றவர்கள் பாலைத் தேடி ஓடுவார்கள். நாங்கள் வளர்ப்பது போட்டிக்கு, வீட்டுக்குள்ளே விளக்கு வெளிச்சத்தில். திருநாளன்று தீயணைப்பு நிலையத்தின் காபி அறையில் தொட்டிகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். நான் பழைய குழல் விளக்குக் கட்சி. அது மென்மையான வெளிச்சம். இலைக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டால் போதும். எனக்கு ஒவ்வொரு வருடமும் இரண்டாவது இடம். முதலிடம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

கலெர்வோ ஊதா விளக்குக் கட்சி. "செடி திங்கறது செவப்பும் நீலமும்தான். மத்த கலர் எல்லாம் கரண்டுக்குப் புடிச்ச கேடு," என்பான். அதைச் சமையலறை ஜன்னலில் மாட்டினான். கீழே நாயோடு போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பது எங்கள் வழக்கமில்லை. சிர்க்காதான் கேட்டாள்.

"மீன் சூப்பைப் பாரு. பொணம் மாதிரி இருக்கு. இதைக் குடிச்சா துர்க்குவுக்குப் போக மாட்டேன், ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன்."

"சூப்பு செடி இல்லையே," என்றானாம் இவன்.

ஊதா வெளிச்சத்தில் சூப்பின் நிறம் மட்டும் கெடவில்லை. இலை பச்சையா மஞ்சளா என்பதும் தெரியவில்லை. அசுவினிப் பூச்சி குடியேறிப் பேரன் பேத்தி எடுக்கும்வரை ஐயா கவனிக்கவில்லை. "அசுவினி விளக்கைப் பாத்தா வந்துச்சு?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தான். ஆனாலும் அடுத்த வாரமே ஒரு வெள்ளை விளக்குப் பலகை வாங்கினான். ஊதாதான் உசத்தி என்று நிரூபிக்கத்தானாம்.

ஒரே காயின் விதைகளில் வந்த செடிகளைப் பிரித்து, பாதியை ஊதாவுக்கும் பாதியை வெள்ளைக்கும் கீழே வைத்தான். பனி மூடினாலும் சாலையோரம் தெரிவதற்காக நடும் ஆரஞ்சுக் குச்சி ஒன்றை வெட்டி அளவுகோலாக்கி, இலைக்கும் விளக்குக்கும் நடுவே நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். எனக்குப் பாடமும் எடுத்தான். "விளக்கு அட்டையில போட்டிருக்கற வாட்டை நம்பாத, உர்ப்போ. அது விளக்கு திங்கறது. செடிக்கு என்ன கெடைக்குதுன்னு தூரம்தான் சொல்லும். தூரத்தை ரெண்டு மடங்காக்கினா வெளிச்சம் கால்வாசி."

செடிகள் இரண்டு பக்கமும் ஒன்று போலவே வளர்ந்தன. வித்தியாசம் வேறோர் இடத்தில் தெரிந்தது. சிர்க்கா நாற்காலியை வெள்ளை விளக்கின் பக்கம் நகர்த்திக்கொண்டாள். முதலில் காபிக்கு. பிறகு செய்தித்தாளோடு. பிறகு காலுறை பின்னவே அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். விளக்கு செடிக்காகத் தாழத் தொங்கியதால் தொட்டிகளுக்கு நடுவே தலையை நுழைத்து, கூன் விழுந்தவள் மாதிரி பின்னினாள். எழும்போதெல்லாம் பலகை மண்டையில் இடித்தது. ஆனால் கோட்டோடு உட்காருவது நின்றுவிட்டது. கலெர்வோ ஊதா விளக்கைக் கழற்றிவிட்டு எல்லாத் தொட்டிகளையும் வெள்ளைக்குக் கீழே நகர்த்தினான்.

வெள்ளிக்கிழமை சௌனா நீராவி அறையில் கலெர்வோ என்னிடம் கேட்டான், கல் அடுப்பைப் பார்த்தபடியே.

"விளக்கை மேல தூக்கினா செடி எவ்ளோ தாங்கும்?"

"எவ்ளோ தூக்கப் போற?"

அவன் கல்லில் தண்ணீர் ஊற்றினான். ஆவி அடங்கியதும் சொன்னான்.

"ஒரு ஆள் நிமிந்து உக்கார்ற அளவு."

"பைத்தியமாடா உனக்கு? கால்வாசின்னு எனக்கே பாடம் எடுத்தியே. செடி வெளிச்சத்தைத் தேடி நூலா நீண்டுடும். போட்டிக்கு என்னத்தைக் கொண்டு வருவ?"

"நீ தண்ணிய ஊத்து," என்றான்.

திருநாளன்று அவன் கொண்டுவந்த செடி தூண்டில் கம்பு மாதிரி இருந்தது. பூவெல்லாம் உதிர்ந்து ஒரே ஒரு காய், அதுவும் வெட்கப்பட்டு இலைக்குப் பின்னால். தீயணைப்புக்காரர்கள் சிரித்தார்கள். "என்ன ஆச்சு?" என்று கேட்டவர்களிடம் "உயரம் தப்பாப் போச்சு" என்று மட்டும் சொன்னான். எனக்கு முதல் பரிசு, ஒரு பொட்டலம் காபித் தூள். இத்தனை வருடம் ஏங்கியது கைக்கு வந்தும் பொட்டலத்தைப் பிரிக்கத் தோன்றவில்லை. விடிந்தால் சிர்க்காவுக்குப் பேருந்து. செடியும் போய், அவளும் போனால் இவன் என்ன செய்வான்?

காபித் தூளை எடுத்துக்கொண்டு, அவன் தொட்டியைத் தூக்க உதவுகிற சாக்கில் நானும் மேலே ஏறினேன். கதவைத் திறந்ததும் இருவரும் பழக்கத்தில் காலைத் தூக்கித் தாண்டினோம். தாண்டுவதற்கு அங்கே பெட்டி இல்லை. கலெர்வோவின் முகம் வெளுத்தது. அவள் முந்திக் கிளம்பிவிட்டாள் என்றே நானும் நினைத்தேன்.

சிர்க்கா சமையலறையில் இருந்தாள். விளக்கு உயரத்தில் எரிந்தது. அதன் கீழே நிமிர்ந்து உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், மேஜை மேல், பயணப்பெட்டி படுத்திருந்தது. அதன் முதுகில் மிச்ச மிளகாய்த் தொட்டிகள் எல்லாம் வரிசையாக.

"செடிக்கு வெளிச்சம் எட்டலல்ல, அதான் தூக்கி வெச்சேன்," என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்போ துர்க்கு?" என்று நான்தான் கேட்டேன். கலெர்வோ கேட்டிருக்கவே மாட்டான்.

"பெட்டி இல்லாம எப்படிப் போறது, உர்ப்போ?"

கலெர்வோ தூண்டில் கம்புச் செடியைப் பெட்டி மேல் வைத்தான். ஆரஞ்சுக் குச்சியை எடுத்து விளக்குக்கும் இலைக்கும் நடுவே நிறுத்தினான். இரண்டு முறை அளந்தான்.

"இன்னும் ஒரு சாண் பத்தல," என்றான்.

"அப்போ உன் பெட்டியையும் கொண்டா," என்றாள் சிர்க்கா.