தூரத்தில் நின்ற ஃபீல்டர்கள்

டெஸ்ட் மேட்சில் அடித்து ஆடுவதா, நின்று ஆடுவதா என்பது எனக்கும் என் நண்பனுக்கும் ஓயாத சண்டை. அவன் பக்கத்திலிருக்கும் வடக்குத்து கிராமத்துக்காரன், நான் நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். சுரங்கத்தில் இருவருக்கும் ஒரே ஷிஃப்ட். டவுன்ஷிப் அணிக்குத் தொடக்க ஆட்டக்காரர்களும் நாங்கள்தான். இப்போதெல்லாம் டெஸ்டிலும் முதல் ஓவரிலிருந்தே விளாசுகிறார்களே, அதில் அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நான் பழைய கட்சி. பந்து தேயட்டும், வீசுகிறவன் களைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்பேன்.

போன கோடையில் பண்ருட்டி அணியுடன் இரண்டு நாள் ஆட்டம். டெஸ்ட் போலவே சிவப்புப் பந்து, வெள்ளை உடை, அணிக்கு இரண்டு இன்னிங்ஸ். இரண்டாம் நாள் மதியம் எங்களுக்கு ஜெயிக்க வழியில்லை. மாலை வரை தாக்குப்பிடித்தால் டிரா செய்யலாம்.

"இன்னிக்கு நானும் உன் கட்சிதான்டா. கட்டை போட்டுக்கினே இருக்கப் போறேன்" என்றான், மைதானத்துக்குள் நடக்கும்போது. நான் நம்பவில்லை.

என்னைச் சுற்றி உடனே ஆட்கள் சூழ்ந்தார்கள். என் மூச்சுச் சத்தம்கூட அவர்களுக்குக் கேட்டிருக்கும். கொஞ்ச நேரம் தடுத்தேன். ஒரு பந்து கையுறையில் பட்டு எழும்பியது. பக்கத்தில் குனிந்து நின்றவன் பிடித்துவிட்டான்.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. நண்பனும் கட்டைதான் போட்டான். அவன் கையுறையிலும் பந்து பட்டது, மட்டை விளிம்பிலும் பட்டது. ஆனால் பிடிக்கப் பக்கத்தில் ஆளே இல்லை. முதல் இன்னிங்ஸில் அவனிடம் வாங்கிய சிக்ஸர்களை மறக்காத அவர்களுடைய கேப்டன், பாதிப் பேரை எல்லைக்கோட்டிலேயே நிறுத்தியிருந்தார்.

ஆட்டம் டிரா ஆனது.

"ஃபீல்டருங்க தூரமா நின்னதைக் கவனிச்சியா?" என்று கேட்டேன்.

"பந்தைப் பாத்துக்கினு இருந்ததே பெரிசு. அதெங்க கவனிச்சேன்?" தண்ணீரைக் குடித்துவிட்டு யோசித்தான். "அப்ப, முன்னாடி அடிச்சதாலதான் இப்ப தடுக்க முடிஞ்சிதுன்றியா?"

"அப்படித்தான் தோணுது."

"நீயும் ஒண்ணு அடிச்சிருந்தா?"

அந்தக் கேள்வி பல நாள் தலைக்குள்ளேயே கிடந்தது. அடுத்த ஆட்டத்தில் முதல் ஓவரிலேயே கண்ணை மூடாத குறையாகத் தூக்கி அடித்தேன். பந்து எல்லையைத் தாண்டியது. எதிரணி கேப்டன் கை தட்டி, எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவரைத் தூரத்துக்கு அனுப்பினார். அடுத்த பந்தை அந்தக் காலி இடத்தில் மெல்லத் தட்டிவிட்டு ஓடினேன். எதிரே ஓடி வந்த நண்பன் சிரித்த சிரிப்பில் ரன் அவுட் ஆகப் பார்த்தான்.