வீசிப் போட்ட சாக்பீஸ்

பேத்தியின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. நிறத்தையும் பிறப்பையும் பார்த்து மனுஷரை ஒதுக்குவது பற்றிப் பாடம் நடத்தப் போகிறார்களாம். பெற்றவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டும். துபாயில், அல் குசைஸில் எங்கள் சின்ன ஃப்ளாட்டில் மூன்று நாளாக அது ஃபிரிட்ஜ் மேலேயே கிடக்கிறது.

“ஒண்ணும் தெரியாத புள்ளைக்கு எதுக்கும்மா இதெல்லாம்? மனசு கெட்டுப் போயிரும்” என்றான் மகன், டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே. அஞ்சாவதோடு நின்றவள் நான், அவனிடம் என்ன பேசுவது? அடுப்படிக்குப் போய்விட்டேன். வாயால் சொல்ல எனக்கு வராது. அவன் வருவதற்குள் எழுதி அந்தத் தாளோடு வைக்கப் போகிறேன்.

நானும் ஒண்ணும் தெரியாத பிள்ளையாகத்தான் இருந்தேன்.

நாலாம் வகுப்பில் எனக்கு ஒரு கூட்டாளி. கரும்பலகையில் கணக்குப் போடக் கூப்பிடும்போது வாத்தியார் எங்களுக்கெல்லாம் சாக்பீஸைக் கையில் கொடுப்பார். அவளுக்கு மட்டும் தள்ளி நின்று வீசுவார். ஒரு தடவைகூட அவள் தவறவிட்டதில்லை. ஒற்றைக் கையால் பிடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். வாத்தியாருக்கு அவள்மேல்தான் பிரியம், அவளோடு மட்டும் விளையாடுகிறார் என்று எனக்கு வயிறெரியும். அவளும் அப்படித்தான் நம்பினாள். வீட்டில் கூழாங்கல்லை வீசிப் பிடித்துப் பழகுவாளாம்.

வாயே திறக்காத நான் ஒருநாள் எழுந்து கேட்டுவிட்டேன்: “சார், அவளுக்கு மாதிரி எனக்கும் தூக்கிப் போடுங்க சார்.”

“அப்ப நீயும் ஊருக்கு வெளிய அவங்க தெருவுக்கே குடி போயிரு! உன்னையும் தொடமாட்டாரு” என்றான் பின்னாலிருந்து ஒரு பையன். அவனுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை, ஆனாலும் தெரிந்திருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தபடியே சாக்பீஸை என் கையில் வைத்தார்.

அடுத்து அவள் முறை. வழக்கம்போல வீசினார். அவள் கையை நீட்டவில்லை. நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்து உடைந்தது. நான் ஓடிப்போய் எடுத்து நீட்டினேன். வாங்காமல் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அவளைச் சமாதானப்படுத்த நாலு நெல்லிக்காய் கொண்டுபோனேன். அவள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. நெல்லிக்காய் சுருங்கிக் கறுக்கிறவரை பையிலேயே வைத்திருந்தேன். அவள் விளையாட்டில் நான் பங்கு கேட்டுவிட்டேனே, அந்தக் கோபம், ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.