மதகு தூக்கிய அமைச்சர்

குத்தாலத்தை விட்டு நடக்க ஆரம்பித்தபோது மழை ஓய்ந்திருந்தது. அங்கே ஒரு அரிசி ஆலையின் களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தேன். களத்தில் தண்ணீர் ஏறியதும் முதலாளி, வடிந்த பிறகு வரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். வடியும்வரை எங்கே சாப்பிடுவது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேளாங்கண்ணிக்குப் போனால் எப்படியும் சோறு கிடைக்கும் என்று கால் தெற்கே திரும்பியது.

வழியில் ஒரு வடிகால் வாய்க்கால் கரையில் கார்கள் வரிசையாக நின்றன. வெள்ளச் சேதம் பார்க்க அமைச்சர் வந்திருந்தார். கூட்டம் இருந்தால் டீ இருக்கும் என்பது என் அனுபவம். இருந்தது.

கரைக்கு மேற்கே நட்டிருந்த சம்பாப் பயிர் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்திருந்த பெண், பிடுங்கிய பயிரை அமைச்சரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ஐயா, இன்னும் ஒரு பொழுது இப்படியே கெடந்தா மொத்தமும் அழுகிடும். இந்த மதகைத் தூக்கிவிடச் சொல்லுங்க. தண்ணி ஓடிடும்.”

மதகைத் தூக்கினால் ஓடும்தான். ஆனால் மதகுக்குக் கீழே வாய்க்கால் கரை உடைந்திருந்தது. ஓடுகிற தண்ணீர் கிழக்கே இருக்கும் வயலில் ஏறும். தூக்கச் சொல்கிறவர் கிழக்கே பதில் சொல்ல வேண்டும், வேண்டாம் என்கிறவர் மேற்கே பதில் சொல்ல வேண்டும். அமைச்சருக்கு இது உடனே புரிந்தது. இதெல்லாம் புரியாமல் யாரும் அமைச்சராவதில்லை.

“ஆவன செய்யுங்க” என்றார் கலெக்டரிடம். படம் எடுத்தார்கள். கார் கிளம்பியது. கலெக்டர் பெரிய பொறியாளரிடம், “பாத்து முடிவெடுங்க” என்றார். அவர் காரும் கிளம்பியது. பெரிய பொறியாளர் உதவிப் பொறியாளரிடம், “ஸ்பாட்ல இருக்கிறது நீங்கதானே” என்றபடியே காரில் ஏறினார். கார்கள் குறையக் குறைய அதிகாரம் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு மோட்டார் சைக்கிளும் உதவிப் பொறியாளரும் மிஞ்சினார்கள். அவர் லஸ்கரைப் பார்த்தார். மதகு திறந்து மூடும் ஊழியருக்கு இங்கே அதுதான் பெயர்.

“எனக்குத் தோள்பட்டை எறங்கிக் கெடக்கு சார்” என்ற லஸ்கர் என்னைப் பார்த்தார். “தம்பி, டீ குடிச்சிட்டீங்கள்ல?”

“நான் அரசாங்க ஆளு இல்லையே” என்றேன்.

உதவிப் பொறியாளர் பொறுமையாக விளக்கினார். “அமைச்சர் ஒவ்வொரு மதகுக்கும் நேர்ல வர முடியுமா? அதனால அவரோட அதிகாரத்தை அதிகாரிங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்திருக்கு. நாங்க செஞ்சா அவர் செஞ்ச மாதிரி. இப்ப நீங்க திருகினா, அமைச்சரே திருகின மாதிரி.”

“தப்பாப் போச்சுன்னா சார்?”

“அது நீங்க திருகினது.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மழை வரும் என்பது போலத்தான் சொன்னார். உத்தரவை எழுத்தில் கேட்டார் லஸ்கர். அதற்குள் மோட்டார் சைக்கிளும் கிளம்பிவிட்டது.

எனக்கு இது புதிதில்லை. பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டியில் இருந்தபோது, முதலாளி வெளியூர் போனால் பொறுப்பை மைத்துனரிடம் கொடுப்பார். மைத்துனர் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவார். தேங்காய் குறைந்தால் மட்டும் காவலுக்கு இருந்த என்னைக் கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்குச் சட்டம் பாதி அங்கேயே புரிந்துவிட்டது.

“யார் சொன்னா என்ன தம்பி, தூக்குங்க” என்றார் அந்தப் பெண்.

திருகினேன். துரு ஏறிய திருகு. அமைச்சரின் அதிகாரத்துக்கு என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. மதகு மேலே வர, தண்ணீர் இரைச்சலோடு கிழக்கே பாய்ந்தது. பொழுது சாயும் முன்பே பயிரின் நுனிகள் தெரிய ஆரம்பித்தன. அந்தப் பெண் வரப்பில் குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.

அப்போது கிழக்கு வயல்காரர் தொடைவரை நனைந்து வந்தார்.

“யாருய்யா தூக்குனது?”

லஸ்கர் என்னைக் காட்டினார். “இவருதான். ஆனா இவரு தூக்குனா அமைச்சர் தூக்குன மாதிரியாம்.”

“அப்ப அமைச்சரை எறக்கச் சொல்லு.”

“தூக்கத்தாங்க உத்தரவு. எறக்கறதுக்குத் தனியா வரணும்.”

லஸ்கர் உதவிப் பொறியாளருக்கு போன் போட்டார். மேலே கேட்டுச் சொல்வதாகப் பதில் வந்தது. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் இறங்கி வந்த அதிகாரம், ஏறும்போது எங்கேயோ மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிட்டது. அதன் பிறகு யாரும் போனை எடுக்கவில்லை.

“நானே எறக்குறேன்” என்று கிழக்கு வயல்காரர் மதகை நோக்கி நடந்தார். அந்தப் பெண் முந்திக்கொண்டு ஓடி, திருகின் கைப்பிடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மதகுத் திட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணே, எறக்குனா எம்பயிரு போச்சு. ஒடஞ்ச கரையை அடைச்சா ரெண்டு பேருதும் பொழைக்கும். விடியட்டும், நானும் மண்வெட்டியோட வர்றேன்.”

“அந்தக் கரையை அடைக்கச் சொல்லி எத்தனை தடவை மனு கொடுத்திருக்கேன் தெரியுமா?”

“அதுக்கும் மேலதான் கேட்டுக்கிட்டு இருப்பாங்க” என்றார் லஸ்கர்.

கிழக்கு வயல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க என் பக்கம் திரும்பி முறைத்தார்.

“அமைச்சரே, மண்ணு சுமப்பீங்களா?”

“சோறு உண்டுங்களா?”

“உண்டு. வந்து தொலைங்க.”

மறுநாள் காலை உடைப்பில் இறங்கினேன். அந்தப் பெண் மண் வெட்டிக் கொடுத்தார். நான் கூடையில் சுமந்துபோய்க் கொட்டினேன். கிழக்கு வயல்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, தென்னை மட்டையை அணைகொடுத்து மண்ணை மிதித்துக்கொண்டே, சீக்கிரம் சீக்கிரம் என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.