தாய்மாமன் வருகிற நேரம்

என் தங்கை மகளுக்குக் காது குத்து வைத்தார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். எங்களுக்கு இருப்பது ஒரே தம்பி, அவனும் டொராண்டோவில். "வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறுறேன்க்கா" என்று ஒரு வார்த்தை சொன்னான். அவ்வளவுதான், தங்கை வீட்டுக்காரர் போனில் தட்டிப் பார்த்துவிட்டார்.

"டொராண்டோ டு சென்னை பதிமூவாயிரம் கிலோமீட்டர், பதினாறு மணி நேரம். சனிக்கிழமை மத்தியானம் ஆள் இங்க இருப்பாரு மதினி!"

ஞாயிறு காலை முகூர்த்தம் என்று பத்திரிகையும் அடித்தாயிற்று. பழனி பஸ்ஸில் ஏறினால் பழனியில் இறங்குகிற கணக்கு! அங்கே ராத்திரி என்றால் இங்கே விடிந்திருக்கும், நடுவில் துபாயில் காத்துக் கிடக்க வேண்டும், சென்னையிலிருந்து எங்கள் திண்டுக்கல்லுக்கு ஒரு பகல் ரோட்டில் போகும். எதுவும் அந்த மனுசர் மண்டையில் ஏறவில்லை.

சனிக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு தம்பி கூப்பிட்டான். "அக்கா, இப்பத்தான் துபாய்ல எறங்கியிருக்கேன். ஊருக்கு வர நாளைக்குச் சாயங்காலம் ஆயிரும்."

விடிந்ததும் எரியோட்டுப் பக்கம் தங்கை வீட்டுக்காரரின் குலசாமி கோயிலில் கூட்டம் கூடிவிட்டது. அய்யலூர்ச் சந்தைக் கிடா அண்டாவில் வெந்துகொண்டிருந்தது. "முகூர்த்தம் போகுதுல்ல, ஒண்ணுவிட்ட மாமன் ஒருத்தரை உக்கார வைங்கப்பா" என்று பங்காளிகள் ஆரம்பித்தார்கள். தங்கை பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நாங்கள் இருவர்தான்.

"அவன் மடி இல்லாமக் குத்துனா, என்னைய நாதியத்தவன்னு சொல்லிருவாகக்கா" என்று என் காதில் சொல்லி அழுதாள்.

அவள் மாமியார் எழுந்து வந்தார். வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். செத்தோம் என்று நினைத்தேன். அவர் முதலில் மகனைப் பிடித்தார்.

"ஏலே, ஏரோப்பிளேனை டவுன் பஸ்ஸுன்னு நெனச்சியா?"

அடுத்தது தங்கைக்குத்தான் என்று நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாரானேன். அவரோ பங்காளிகள் பக்கம் திரும்பினார்.

"பசிக்கிறவுக சாப்பிடுங்க. புள்ள காதை எவரும் தொடப்படாது." காது குத்த வந்த ஆசாரியிடம், "நீரும் சாப்பிட்டுச் செத்த நேரம் கண்ணசரும்யா, போயிராதீரு" என்றார்.

சாயங்காலம் தம்பி காரை விட்டு இறங்கும்போது பாதிக் கூட்டம் கலைந்திருந்தது. "ராகுகாலம் பொறந்துருச்சே!" என்றார் ஒருவர்.

"தாய்மாமன் வந்து எறங்குன நேரம் நல்ல நேரந்தேன். உக்காருய்யா!" என்றார் மாமியார்.

கசங்கிய சட்டையும் சிவந்த கண்ணுமாகத் தம்பி சம்மணம் போட்டான். போனில் மட்டுமே பார்த்த மாமனின் தாடியைப் பிள்ளை தொட்டுத் தொட்டுப் பார்த்தது. ஆசாரி குத்தியதும் அது வீறிட்டது. தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். அவள் மாமியார் மட்டும் தூணோரம் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"புள்ளைக்கு ஒண்ணுமில்லத்தை, அழாதீக" என்றேன்.

"புள்ளைக்கு அழுகலத்தா. நான் ஒத்தைப் பொறப்பு. எம்புள்ளைக அம்புட்டுப் பேருக்கும் அடுத்தவுக மடியிலதேன் காது குத்துனேன்."