கவலைக்கு எதிர்ச்சொல்

இன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெள்ளிமலை பஸ். எனக்கு முன் சீட்டில் ஓர் அப்பா, மகளை மலைமேல் இருக்கும் ஹாஸ்டலில் விடப் போகிறார். மடியில் அவள் துணிப்பை, கையில் அவள் தமிழ்ப் புத்தகம். நாளைக்கு டெஸ்ட்டாம்.

“சிரிப்புக்கு எதிர்ச்சொல் இன்னா?”

“அழுகை.”

“பயத்துக்கு?”

“தைரியம்.”

“கவலைக்கு?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “வெள்ளிக்கெழம” என்றாள்.

அவர் புத்தகத்தை மறுபடி பார்த்தார். “நிம்மதின்னுல்ல போட்டிருக்கு?”

“அது புக்குலப்பா.”

அவர் புத்தகத்தை மூடிவிட்டு, பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து அவள் கையில் வைத்தார்.

நானும் அந்த மலையில் ஹாஸ்டலில் வளர்ந்தவள்தான். வெள்ளிக்கிழமை கொண்டை ஊசி வளைவில் பஸ் ஹாரன் கேட்டதுமே பையை மாட்டிக்கொண்டு ஹாஸ்டல் வாசலுக்கு ஓடுவோம். எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போக அந்த பஸ்ஸில்தான் எங்கள் அப்பாக்கள் வருவார்கள். பரீட்சையில் மட்டும் சமர்த்தாக ‘நிம்மதி’ என்று எழுதி மார்க் வாங்கிவிடுவேன்.

இப்போது நான் தமிழ் டீச்சர். திருத்த வேண்டிய பேப்பர் கட்டு மடியில் இருக்கிறது. அதிலும் இதே கேள்வி இருக்கிறது. யாராவது ‘வெள்ளிக்கிழமை’ என்று எழுதியிருந்தால் முழு மார்க்தான்.

ஹெட்மாஸ்டர் ஏன் என்று கேட்டால், எனக்காக யார் வந்து பேசுகிறீர்கள்?