ஜீப்புக்கு வின்ச் மாட்டிய வருஷம்

எங்கள் ஜீப்புக்கு வின்ச் மாட்டிய வருஷம் வாசலில் கோலம் போட எனக்கு இடமே இல்லை. கழற்றிய பம்பர் ஒரு பக்கம், இரும்புச் சட்டங்கள் இன்னொரு பக்கம், நடுவில் மண்ணெண்ணெய் நிரப்பிய அலுமினியக் குண்டான். அது என் சீர்வரிசையில் வந்த குண்டான். சோறு வடிக்கக் கொடுத்ததில் பல்சக்கரங்கள் ஊறிக்கொண்டிருந்தன. கேட்டால் என் வீட்டுக்காரர், எல்லாம் தங்கச்சிக்காகத்தான் என்பார். அதற்கு மேல் நான் வாயைத் திறக்க முடியாது.

தங்கச்சி என்றால் என் நாத்தனார். வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமனார் மாமியார் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவளுக்குப் பிறந்த வீடு என்றால் மலை மேல் இருந்த எங்கள் வீடுதான். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அங்கேதான் வருவேன் என்று நின்றாள். அண்ணனுக்கும் அதில் பெருமை. ஆனால் பிரசவம் மழைக்காலத்தில் வரும், மழைக்காலத்தில் எங்கள் ஜீப் ஓடையைத் தாண்டாது. இதுதான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பில் அவர் ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு காவலூர் வரைக்கும் போய் வருவார். காவலூரிலிருந்து ஆலங்காயத்துக்குத் தார்ரோடு, பஸ் எல்லாம் உண்டு. எங்கள் ஊருக்கும் காவலூருக்கும் நடுவில் வெறும் மண்பாதை. அதில் ஓர் ஓடைப் பள்ளம். வெயில் காலத்தில் ஆட்டுக்குட்டிகூட தாண்டும். நாலு மழை பெய்தால் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிடும்.

அப்படிச் சிக்கினால் எதிர்ச் சரிவில் இருக்கும் சின்ன ஊர்க்காரர்கள் வந்து இழுத்துவிடுவார்கள். எங்கள் மலையில் இதற்கு ஒரு முறை உண்டு. யாரும் போய்க் கூப்பிடக் கூடாது. எஞ்சின் உறுமுகிற சத்தம் சரிவில் ஏறிப் போகும், அதுவே போதும். ஆணும் பெண்ணும் செய்த வேலையைப் போட்டுவிட்டு வடக்கயிற்றோடு இறங்கி வருவார்கள். அவசரப்பட்டு யாராவது போய்க் கூப்பிட்டுவிட்டால் முகம் சுருங்கிவிடும். நாங்கள் வரமாட்டோம் என்று நினைத்துவிட்டாயா என்று மாதக்கணக்கில் சொல்லிக்காட்டுவார்கள். காசு கொடுத்தால் வாங்க மாட்டார்கள். ஒரு கட்டு பீடி, ஊர் வரைக்கும் ஜீப்பின் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு ஒரு சவாரி, அவ்வளவுதான்.

முந்தைய மழையில் அப்படி இழுக்கும்போது அந்த ஊர்ப் பெரியவர் வழுக்கி விழுந்து கால் முறிந்துபோனார். புத்தூர்க் கட்டு போட்டும் கால் கோணலாகத்தான் கூடியது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்கு அந்த ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாகிவிட்டது. நம் வண்டிக்காக அவர்கள் ஏன் சாக வேண்டும் என்று புலம்புவார். வாணியம்பாடியில் பழைய இரும்பு விற்கும் ஒரு பாய், மிலிட்டரி லாரியிலிருந்து இறக்கிய வின்ச் ஒன்று இருப்பதாகச் சொன்னதும் ஓடிப் போய் வாங்கி வந்துவிட்டார். கம்பி வடம் சுற்றிய பெரிய உருளை. வடத்தின் நுனியை மரத்தில் கட்டிவிட்டு உருளையைச் சுழலவிட்டால் வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு மேலே வரும்.

எங்கள் வீட்டில் கரண்ட் கிடையாது. இரும்புச் சட்டத்தில் துளை போட கைத்துளைப்பான்தான். அவர் சுற்றுவார், நான் மேலே சாய்ந்து அழுத்துவேன். ஒரு துளை விழுவதற்குள் நெஞ்செலும்பு கன்றிப்போகும். நாத்தனார் சும்மா இருக்க மாட்டாள். முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவது போல போல்ட்டையும் நட்டையும் பிரித்து வைப்பாள். வயிறு பெருத்து மடியில் முறம் நிற்காமல் போனபோது, "வயித்து மேலயே வச்சிக்கிறேன் அண்ணி, எடம் நெறய கீது" என்று சிரித்தாள். இன்றைக்கும் போல்ட் நட்டு பார்த்தால் எனக்கு அந்தச் சிரிப்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

கியர்பாக்ஸிலிருந்து உருளைக்குப் போகும் தண்டை ஆலங்காயத்தில் வெட்டி வெல்டிங் வைத்து பஸ்ஸில் கொண்டு வந்தார். தண்டு சேருமிடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய ஆணி. பாரம் தாங்க முடியாமல் போனால் அது உடைந்து மற்ற பாகங்களையெல்லாம் காப்பாற்றிவிடும் என்று எங்கள் இருவருக்கும் பாடம் நடத்தினார். நல்ல ஆணி என்று நான்கூட மெச்சிக்கொண்டேன்.

முதல் தூறல் விழுந்த வாரம் வெள்ளோட்டம். வேண்டுமென்றே ஜீப்பைச் சேற்றில் இறக்கி உறுமவிட்டார். வழக்கம்போல எதிர் ஊர்க்காரர்கள் கயிற்றோடு வந்து நின்றார்கள். அவர்களைக் கரையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு வடத்தைப் புங்கமரத்தில் கட்டினார். எஞ்சின் கத்தியது, உருளை சுழன்றது, ஜீப் குழந்தை தவழ்வது போல மேலே ஏறி வந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் இறங்கிப் போய் அந்தப் பெரியவர் முன்னால் கைகூப்பி நின்றார். "இனிமே சத்தம் கேட்டா நீங்க யாரும் ஓடியார வாணாங்க. மிஷினே இழுத்துக்கும்." சொன்னவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் பெருமை தாங்கவில்லை. எல்லாருக்கும் டீ வைத்துக் கொடுத்தேன்.

நாள் நெருங்கியதும் அவளை ஆலங்காயம் கொண்டுபோய்த் தெரிந்தவர் வீட்டில் வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. வலி அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. விடாத மழையில் ஒரு காலை நேரம். ஊர் மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கீழே கொண்டு போங்கள் என்றாள். அவர் பயப்படவில்லை. வின்ச் இருக்கிறதே.

ஓடையில் முன்சக்கரங்கள் பம்பர் வரைக்கும் இறங்கின. வடத்தைக் கட்டினார். ஒரு முழம் ஏறியிருக்கும், டக்கென்று ஒரு சத்தம். ஆணி உடைந்துவிட்டது. சேற்றில் படுத்து மாற்று ஆணியைப் போட்டார். அதுவும் உடைந்தது. கடைசியில் வீட்டுக் கூரைக்கு அடிக்கிற ஆணியைச் செருகினார். அது வளைந்து உள்ளேயே மாட்டிக்கொண்டது. மிஷினைக் காப்பாற்ற ஓர் ஆணி இருந்தது. அவளைக் காப்பாற்ற என்ன இருந்தது?

உருளை அசையவில்லை. அவர் ஏறி உட்கார்ந்து முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தார். எஞ்சின் உறுமிய உறுமலில் மலையே அதிர்ந்தது. வந்துவிடுவார்கள் என்றேன். அவரும் அப்படித்தான் நினைத்தார். எத்தனை வருஷப் பழக்கம். எதிர்ச் சரிவில் கூரைகளுக்கு மேல் புகை எழுவது மழையிலும் தெரிந்தது. ஆட்கள் இருக்கிறார்கள். நேரம் போனது. ஒருவரும் இறங்கி வரவில்லை. அந்த ஊர்க்காரர்களை நான் வாய்க்கு வந்தபடி சபித்தேன்.

நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வளையல் நொறுங்கிக் கையில் ஏறியது. "வர்றாங்களா அண்ணி?" என்றாள்.

"வர்றாங்கடி" என்றேன். பிறகும் கேட்டாள், பிறகும் அதையே சொன்னேன். அப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அந்த மௌனம்தான் என்னைக் கீழே இறக்கியது. முறையாவது மண்ணாவது என்று ஓடையில் விழுந்து எழுந்து சரிவில் ஏறினேன்.

அந்தப் பெரியவர் கோணல் காலை நீட்டி வாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பெண்கள் துவரை உடைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. வண்டி ஏறிவிட்டது, சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

"சத்தம் கேட்டுனே இருந்துச்சிம்மா," என்றார். "மிஷின் நல்லா இழுக்குதுன்னு பேசினு இருந்தோம்."

வாயிலிருந்த சாபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. வண்டியில் யார் இருக்கிறார்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஊரே ஓடியது. அவரும் தடியை ஊன்றிக்கொண்டு இறங்கினார். ஒரே மூச்சு. ஜீப்பை இழுத்தார்களா தூக்கினார்களா என்று சொல்ல முடியாது. அவ்வளவு சுலபமாகப் போய்விட்டது.

ஆலங்காயம் ஆஸ்பத்திரியில் நாத்தனாரைக் காப்பாற்றிவிட்டார்கள். பெண் குழந்தை, உயிர் இல்லை. தலை நிறைய முடி. ஏன் தாமதம் என்று டாக்டரம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் யார் மேலாவது பழியைப் போட்டிருப்பேன். போட ஆள் இல்லாத துக்கத்தை என்ன செய்வது? அந்த ஊர்க்காரர்களுக்காகத்தான் என் வீட்டுக்காரர் இரும்பைச் சுமந்தார். இவர் சொன்னதற்காகத்தான் அவர்கள் வீட்டோடு இருந்தார்கள். எல்லாரும் நல்லதைத்தான் செய்தோம். எல்லாருமாகச் சேர்ந்து அந்தக் குழந்தையைக் கொன்றோம்.

நாத்தனார் அதற்குப் பிறகு மலைக்கு வரவில்லை. அடுத்த பிரசவங்கள் கீழேயே நடந்தன. என் வீட்டுக்காரர் ஒரே நாளில் வின்ச்சைக் கழற்றி வீட்டுக்குப் பின்னால் போட்டார். நான் நெஞ்சால் அழுத்தியும் அவர் கையால் சுற்றியும் மாதக்கணக்கில் போட்ட துளைகள் ஜீப்பின் முன்சட்டத்தில் அப்படியே இருந்தன.

அடுத்த மழையில் ஒரு நாள் நாங்கள் இருவரும் காவலூருக்குப் போகும்போது ஜீப் அதே இடத்தில் சிக்கியது. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து ஒரே ஒரு தடவை, பயந்துகொண்டே, முடுக்கினார்.

எதிர்ச் சரிவிலிருந்து அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். நடந்து அல்ல, விழுந்தடித்துக்கொண்டு. கையில் களி ஒட்டியபடி ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு இன்னொருத்தி, எல்லாருக்கும் பின்னால் தடியோடு அந்தப் பெரியவர். ஒருவரும் கயிற்றை எடுக்கவில்லை. நேராக ஜீப்பின் பின்பக்கம் வந்து படுதாவை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"உள்ள யாரும்மா?" என்றார் பெரியவர். அவருக்கு மூச்சு வாங்கியது.

உள்ளே இரண்டு மூட்டை சாமைதான் இருந்தது.